கரவன் சில்லுக்குப் பொட்டு

காருக்குப் பின்னால கொளுவி இழுக்கிற கரவன் வீட்டின்ர சில்லில காத்து இறங்கினால் முன்னால கார் ஓடுறவருக்குத் தெரியாது; அதைத் தெரியப்படுத்துறதுதான் என்ர தொழில். மோட்டர்வே ஓரத்தில பிள்ளையளோட நிண்டு மழையில நனைஞ்சவைக்கு நான் சொல்லவும் வேணுமோ?

மூக்குத்தி

லண்டன் எட்மண்டனில இருக்கிற என்ர கராஜுக்கு, நாலு சில்லுக் கரவனோட சிவநேசன் அண்ணை வந்தார். ரெய்னர்ஸ் லேன்காரர், பஸ் ட்ரைவர். மூண்டு பிள்ளையளோட சனிக்கிழமை வேல்ஸ் கடற்கரைக்குப் பயணம். காத்தடிக்கிற வால்வின்ர வாயில சில்லுக்கொரு சென்சர் பூட்டினன். காத்துக் குறைஞ்சால் காருக்குள்ள இருக்கிற சின்னப் பெட்டி கத்தும். அண்ணைக்கு முகம் கடுத்திட்டுது, "இருபது வருஷம் பஸ் ஓடுறன், எனக்கு இந்தப் பெட்டி பாடம் எடுக்குதோ?" எண்டார். அவற்ர மனுசி வசந்தி அக்கா குனிஞ்சு பாத்திட்டுச் சொன்னா: "என்ர மூக்குத்தியிலும் பெரிசு தம்பி, விழாமல் இறுக்கிப் பூட்டும்!"

கம்பியில குந்தினது

வெள்ளி மத்தியானம் அண்ணை போன் எடுத்தார். பெட்டி கத்துதாம், பின் இடதுசில்லாம், பெட்டியின்ர பட்டரியைக் கழட்டப்போறாராம். "ஐயோ அண்ணை, கை வையாதேங்கோ!" எண்டு அவற்ர வீட்டுக்கு ஓடினன். அளந்து பாத்தால் காத்து உண்மையாவே இறங்கியிருக்கு. ஆணி இல்லை. கரவனை மதிலை விட்டு முன்னுக்கு உருட்டி, ரயர் முழுக்கச் சவுக்காரத் தண்ணி பூசினன்; ஓட்டை இருந்தால் குமிழி வரவேணும், ஒண்டும் இல்லை.

அண்ணை காத்தடிச்சுக்கொண்டு போறன் எண்டு நிண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒருக்கா நானும் அப்பிடித்தான் போனன். ரயர் வெடிச்சு மகளின்ர கை முறிஞ்சது. அந்தப் பயம் இண்டைக்கும் போகேல்லை. கரவனைக் காரில கொளுவுற கம்பியில ஏறிக் குந்தினன், பிழை பிடிபடாமல் எழும்பமாட்டன் எண்டன். "ஆளைத் தூக்கித்தான் எறியவேணும் போல கிடக்கு" எண்டார் அண்ணை.

மஞ்சள்

குந்தியிருக்கேக்கைதான் உறைச்சது: சென்சர் பூட்டின இடத்தை மட்டும் பாக்கேல்லை. என்ர கை பூட்டினது பிழைக்குமோ எண்ட திமிர்! சவுக்காரத் தண்ணி விட்டன், புசுபுசுவெண்டு குமிழி. கழட்டினால் வால்வின்ர வாயெல்லாம் மஞ்சளாக் காய்ஞ்ச சந்தனம்.

அப்பதான் அக்கா சொன்னா, காலமை பூசை நடந்திருக்கு. சில்லுக்குக் கீழ நசிக்கத் தேசிக்காய் வைச்சு, மூண்டு சில்லுக்கும் ரயரில பொட்டு வைச்ச அக்காவுக்கு, மதில் மூலையோட ஒட்டி நிண்ட நாலாவது, அந்தப் பின் இடதுசில்லு, எட்டேல்லை. கை எட்டினது வால்வுக்கு மட்டும். பொட்டு சில்லுக்குத்தானே எண்டு சென்சரைக் கழட்டி, வால்வின்ர வாயில பொட்டு வைச்சு, திரும்பப் பூட்டியிருக்கிறா. சந்தனம் தடுத்து சென்சர் இறுக ஒட்டி இருக்கேல்லை, அந்த இடுக்கால காத்துப் போயிருக்கு. துடைச்சு, காத்தடிச்சு, ஒரு மணித்தியாலம் காவல் இருந்தன், இறங்கேல்லை. அக்காவின்ர கண் கலங்கிப்போச்சு: "பிள்ளையளுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டுதானே தம்பி வைச்சனான்."

கடற்கரை

சனி பின்னேரம் போன் அடிச்சுது. கையில இருந்த ஸ்பனரைப் போட்டிட்டு ஓடி எடுத்தன். அண்ணைதான், பின்னால பிள்ளையளின்ர கூச்சல். "வந்து சேந்திட்டம் தம்பி. பெட்டி வாயே திறக்கேல்லை. மனுசி இப்ப அதுக்கும் பொட்டு வைச்சிட்டா!"

அண்டையில இருந்து, நான் சென்சர் பூட்டி முடிச்ச கையோட, ரயரில பொட்டு வைக்கவேண்டிய இடத்தையும் சோக்குக் கட்டியால வட்டம் கீறித்தான் குடுக்கிறன்.