விதைக்கு விட்ட புடலங்காய்

சுன்னாகம் ஸ்ரேசனில் சிக்னல் பார்க்கிறவர் எங்கள் வேலிக்கு அப்பால் குடியிருந்தார். மெலிந்த மனிதர், ஓரிடத்தில் நிற்கமாட்டார். ரயில் ஒன்று போனதும் பின்வளவுக்கு ஓடிவந்து, புடலங்காய்கள் நேராக வளர அவற்றின் நுனியில் கட்டிய கற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

ஆவணியில் காய்கள் நீண்டு தொங்கும்போது அவருக்கு இடமாற்றம் வந்தது. விடியவே எல்லாவற்றையும் ஆய்ந்து வேலிக்கு மேலால் தந்தார். ஒன்றை மட்டும் சிவப்புத் துணி கட்டிப் பந்தலிலேயே விட்டிருந்தார்.

“உந்தக் காயை ஏன் விட்டனீங்கள்?”

“விதைக்கு.”

“நீங்கள்தான் போறியளே.”

“நான் வரேக்கை இஞ்சை ஒரு விதையும் இருக்கேல்லை. முந்தி இருந்தவனை வாய்க்கு வந்தபடி ஏசினனான். என்னை ஒருத்தனும் ஏசக்கூடாது.”

புதிதாக வந்தவர் மறுநாளே அதை ஆய்ந்து கறிவைத்தார். துணி பந்தலில் ஆடிக்கொண்டு கிடந்தது.

போன இடத்தில் அவர் யாரை ஏசினாரோ.