ஈஸ்வரி ரொட்டிக்குப் போட்ட வளையல்

வ. புதுப்பட்டி ஈஸ்வரியின் கை ஒரு நிமிஷம் சும்மா கிடக்காது. புருஷன் பாண்டிதுரை பட்டாளத்தில் இருந்தபோது பஞ்சாபில் குவார்ட்டர்ஸ் வாசம். பக்கத்து வீட்டுக்காரி குல்ச்சா ரொட்டிமேல் மல்லித்தழையை அப்பிச் சுடுவாள். அதைப் பார்த்துவிட்டு வந்தவள், பட்டாளக் கேன்டீன் கார்டில் மலிவாக வாங்கிய ஓவனை வைத்துக்கொண்டு ரொட்டியில் தேரே ஓட்டினாள். கேரட்டைச் சீவிப் பூ, மல்லித்தண்டில் கொடி, கறிவேப்பிலையில் கிளி. தண்டை எண்ணெயில் முக்கி வைக்கணும், இல்லாட்டி சூட்டில் கருகிப்போகும்.

மூணு வருஷத்துக்கு முன்னால் பாண்டிதுரை நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அப்புறம் ஈஸ்வரி வாசலில் கோலம் போட்டால் தெருவே மூஞ்சியைச் சுளித்தது. சரிதான் போங்க என்று கோலத்தையெல்லாம் ரொட்டிக்கு ஏற்றினாள். அதைத் தின்னும்போது மட்டும் ஒரு மூஞ்சியும் சுளிக்கவில்லை, வெட்கங்கெட்ட ஜனம்.

ஒரே மகள் அனுசியாவை மடவார் வளாகம் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஒன்பதாம் மாசம் வளைகாப்பு. முந்தின நாள் சம்பந்தியம்மா பெத்தம்மாள் போன் போட்டாள்.

"மதினி, சாப்பாடெல்லாம் ஒங்க பொறுப்பு. வளையல் போடுறதை மட்டும் சுமங்கலிக பாத்துக்கிடட்டும். தப்பா எடுத்துக்கிடாதீக."

"சரி மதினி" என்று போனை வைத்தாள். அம்புட்டுப் பேருக்கும் ஆக்கிப்போட இந்தக் கை வேணும், பெத்த மகளுக்கு வளையல் போட ஆகாதாம்.

மறுநாள் விடியுமுன்னே மாவைப் பிசைந்தாள். பிசைந்தாளா குத்தினாளா என்று மாவுக்குத்தான் தெரியும். தாம்பாளம் அகலத்துக்குத் தட்டி, மல்லித்தண்டால் ரெண்டு கை வரைந்தாள். மணிக்கட்டில் சிவப்புக் குடமிளகாய் ஒரு வரிசை, பச்சை ஒரு வரிசை, நடுவில் சின்ன வெங்காயம். கை நிறைய வளையல். எவ வந்து தடுக்கான்னு பாப்போம் என்று ஓவனுக்குள் தள்ளினாள்.

வளைகாப்பு மண்டபத்தில் ரொட்டியைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளுக்கொரு போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். பெத்தம்மாளே தூக்கிக்கொண்டு போய் மேடையில் அனுசியா முன்னால் வைத்து, "எங்க மதினி கைப்பக்குவம்" என்று பீத்திக்கொண்டாள். ஈஸ்வரிக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

பொறவு வளையல் போட ஆரம்பித்தார்கள். அத்தைமார், சித்திமார், பேர் தெரியாத சொந்தமெல்லாம் மேடை ஏறியது. அனுசியாவின் கண் சமையல்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே நின்ற ஈஸ்வரிக்கு அந்த ரொட்டியைப் பார்க்கப் பார்க்கத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. மக கையை அடுத்தவளுக்கு விட்டுட்டு, மாவுக்கு வளையல் போட்டு மனசை ஆத்திக்கிட்டியாக்கும். தூ, இது ஒரு பொழப்பா.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறினாள். தட்டிலிருந்து ஒரு ஜோடி வளையலை எடுத்தாள்.

பெத்தம்மாள் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "மதினி, நாலு பேரு பாக்காக. பிள்ளைக்கு ஆகாது."

"விடுங்க மதினி. சாயங்காலம் இவளை எங்கூடத்தான அனுப்புதீக? வலி எடுத்தா இடுப்பைப் பிடிச்சுவிடப் போறது இந்தக் கை. பொறந்த பிள்ளையக் குளிப்பாட்டப் போறதும் இந்தக் கை. பீத்துணி அலசப் போறதும் இதுதான். அதுக்கெல்லாம் ஆகுற கை, ரெண்டு கண்ணாடி வளையலுக்கு ஆகாதா?"

பெத்தம்மாளின் பிடி தளர்ந்தது, ஆனாலும் முழுசாக விடவில்லை. முன்வரிசையில் யாரோ "கலிகாலம்" என்று முனகினார்கள். முனகட்டும். ஈஸ்வரி தன் கையை உருவிக்கொண்டு மகள் கையைப் பிடித்தாள். ஒன்பது மாச வீக்கம், வளையல் பெருவிரல் மூட்டில் நின்றது. விரல்களைக் குவித்துப் பிடித்து, நோகாமல் திருகித் திருகி ஏற்றினாள்.

அனுசியா அழவில்லை. மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். பொறவு இன்னொரு கையையும் அம்மாவிடம் நீட்டினாள்.

"இந்தக் கைக்கும் போடும்மா."