துண்டு போட்டு மூடிய திரை

என் முதுகைக் கெடுத்தது நீங்கள்தான், கோச் சார். வேங்கிக்கால் ஜிம்மில் படகுத் துடுப்பு வலிப்பதுபோல இழுக்கும் துடுப்பு மெஷினில் உட்கார வைத்து, "கெணத்துல தண்ணி சேந்துற மாதிரி இழும்மா" என்றீர்கள். கீழ்பென்னாத்தூர்க்காரிக்கு அதைச் சொல்லித் தரவா வேண்டும்? மாதக்கணக்கில் கையாலேயே இழுத்தேன். குறித்த தூரத்தை முடிக்கும் நேரம் குறையவில்லை, இடுப்புதான் வலித்தது. மாநிலத் துடுப்புப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று எல்லோர் முன்னாலும், "ஒடம்புல தெம்பு கம்மி, ஊட்டுக்குப் போ" என்று என்னைக் கழித்துவிட்டீர்கள்.

அப்படியும் நான் ஜிம்முக்கு வருவதை விடவில்லை. போன மாதம் என்னோடு பயிற்சி செய்யும் தோழி, நான் இழுப்பதைப் பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுத்தாள். மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். கால் நீளும் முன்பே கை மடங்கியிருந்தது, முதுகு கூனியிருந்தது.

"ஏய், பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுத்துற காலுடி! இங்க சும்மா குந்தினு இருக்கு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மெஷின் திரைமேல் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, முதலில் காலால் தள்ளினேன். பிறகு முதுகைச் சாய்த்தேன், கையைக் கடைசியில்தான் மடக்கினேன். பழையபடி கையால் இழுத்துப் பார்த்தால், இழுக்கும் விசையைக் காட்டும் கோடு திரையில் உடைந்து உடைந்து வந்தது. காலால் தள்ளியபோது ஒரே மேடாக எழுந்தது. நேரம் குறைந்தது, வலியும் இல்லை. "அதப் பாத்தா பயம் வரும்" என்று சொல்லி அந்தத் திரையைத் துண்டு போட்டு மூடி வைத்ததும் நீங்கள்தான்.

இப்போது புதிதாக வந்த பெண்களையும் தண்ணீர் சேந்தச் சொல்கிறீர்கள். என் தெம்பைப் பற்றி எல்லோர் முன்னாலும்தானே பேசினீர்கள்? அதே ஜிம்மில், அந்தப் பெண்கள் முன்னால், துண்டை எடுத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்: குறை என் உடம்பிலா, நீங்கள் சொல்லிக்கொடுத்ததிலா?