நாலாவது பூட்டு

வண்டியைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்தவர், திரும்பி வந்து மறுபடி ஆட்டிப் பார்க்கிறார். ஹேண்டில் அசையவில்லை. முன்சக்கரத்தில் தொங்கும் பூட்டு, பின்சக்கரத்தைத் தூணோடு கட்டிய சங்கிலி, எல்லாம் அதனதன் இடத்தில். அப்புறம் சீட்டுக்கு அடியில் கையை விடுகிறார். அந்நேரம் பக்கத்தில் நிற்பது பெற்ற மகளே ஆனாலும் ஒரே உத்தரவுதான்: "அந்தப் பக்கம் பாரு."

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வண்டிக்கு வயது எட்டு. அதைத் தள்ளிக்கொண்டு போகிற திருடனைப் பார்த்தால் தெருவே பரிதாபப்படும். சொன்னால் கோபம் வரும். "திருடன் என்ன புது வண்டியா தேடுறான்? பூட்டாத வண்டியத்தான் தேடுறான்!"

கடைத்தெருவில் அவர் வண்டி நிறுத்த இடம் பார்ப்பதற்குள் மனைவி பாதிச் சாமான் வாங்கிவிடுவாள். நிழல் வேண்டாமாம். கேமரா பார்க்க வேண்டும், காவலாளி கண்ணில் பட வேண்டும்.

ஒருநாள் முன்சக்கரப் பூட்டைக் கழற்ற மறந்து வண்டியைக் கிளப்பினார். பால்கனிகளில் எல்லாரும் வேடிக்கை பார்க்க, வண்டியோடு சாய்ந்தார். திருடனுக்கு வைத்த பொறியில் இன்றுவரை மாட்டியவர் அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து, பூட்டை மறக்காமலிருக்க, பூட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மகளின் சிவப்பு ரிப்பன் தொங்குகிறது.

மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "முன் பிரேக்க மட்டும் புடிச்சா குப்புற விழுவ. பின் பிரேக் மட்டும்னா வண்டி வாலாட்டும். ரெண்டையும் சேர்த்து, மெல்ல." வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைக்கூடச் சொல்லிவிட்டார். இஞ்சினை ஊமையாக்கும் அந்தப் பொத்தான் சீட்டுக்கு அடியில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எட்டு வருஷமாகச் சொல்லவில்லை. "அப்போ நானும் திருடிதானா?" என்று கேட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். வெளியே சிரித்தாலும் அவளுக்கு அது உள்ளே வலிக்கத்தான் செய்தது.

போன ஞாயிறு காலை, சிறுநீரகக் கல் அவரைச் சுருட்டிப் போட்டது. கூப்பிட்ட வாடகைக் கார் வருகிற வழியாக இல்லை. அவளே மூன்று பூட்டையும் கழற்றி ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்ப மறுத்தது.

"அது எங்கன்னு சொல்லித் தொலைங்க!"

தூணைக் கட்டிக்கொண்டு நெளிந்தவர் பல்லைக் கடித்தார். "அந்தப் பக்கம் பாரு."

பார்த்தாள். அந்தப் பக்கம் அண்டை வீட்டுக் கார் நின்றிருந்தது. அதன் கறுப்புக் கண்ணாடியில் அவர் கை முழுசாகத் தெரிந்தது. சீட்டின் ஓரத்தில், பட்டாணி அளவு பொத்தான். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பினாள்.

ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்னாலிருந்து முனகல்: "ரெண்டையும் சேர்த்து... மெல்ல..." அப்படியேதான் பிடித்தாள். நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தபோதும் வண்டி ஆடாமல் அலுங்காமல் நின்றது. அதற்குப் பிறகு அவர் முனகவில்லை.

மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலி வந்தது. அவர் உட்காராமல் அவள் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. நல்ல வார்த்தை ஏதோ வரப்போகிறது என்று அவள் குனிந்தாள். அவரோ நாற்காலி தள்ளுகிறவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க."

பிறகு அவள் ஆள்காட்டி விரலைச் சீட்டுக்கு அடியில் கொண்டுபோனார். அவளோ விரலை வேண்டுமென்றே இரண்டு இடத்தில் தடுமாறவிட்டு, அவரே பொத்தானில் கொண்டுபோய் வைக்கும்வரை காத்திருந்தாள்.