மே மாதத்துக்கு ஒரு வீடு

சந்திரலேகா எதை வாங்கினாலும் முதலில் திருப்பித்தான் பார்ப்பாள். பிஸ்கட் பாக்கெட்டானாலும் பற்பசையானாலும் பின்பக்கத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முன்பக்கம். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. கடலூரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில், கடைகளிலிருந்து திரும்பி வரும் மருந்துகளைச் சரிபார்க்கிற மேசை அவளுடையது. காலாவதித் தேதியைச் சுரண்டிவிட்டு அனுப்புகிறவர், நல்ல மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் கெட்ட அட்டையைச் செருகி அனுப்புகிறவர் என்று எல்லா ரகத்தையும் பார்த்துப் பார்த்து, மனிதர்களையும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அருண்பாண்டியனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, இதற்கு முன்னால் பார்த்த பெண் ஏன் வேண்டாமென்று சொன்னாள் என்பதுதானாம். அவன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

அந்த அருண்பாண்டியன் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவன். கோடை வந்தால் வண்டியோடு ஆந்திரப் பக்கம் போய்விடுவான். பள்ளிக்கூடம் மூடுவதும் சரியாக அப்போதுதான். சிதம்பரத்தில் ஒரு மாடி வீட்டில் சந்திரலேகாவும், ஐந்தாவது முடித்த அருள்மொழியும், இரண்டாவது முடித்த நடராஜும் மிஞ்சுவார்கள். அவள் காலை பாசஞ்சரைப் பிடித்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரைக்கும் பிள்ளைகளை எங்கே விடுவது என்ற கேள்வி, பங்குனி பிறக்கும்போதே அவள் தூக்கத்தைக் கெடுக்க ஆரம்பித்துவிடும்.

போன வருஷம் கீரப்பாளையத்தில் அண்ணன் வீட்டில் விட்டாள். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த வருஷம் சித்திரை பிறப்பதற்குள்ளேயே, தன் அக்கா பிள்ளைகள் வருவதாகத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டாள். சம்மர் கேம்ப் என்று பேனர் கட்டியிருந்த இடங்களில் விசாரித்தாள். கராத்தே, கையெழுத்து, அபாகஸ் என்று என்னென்னவோ சொல்லித்தருவார்களாம். கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும், பகல் பன்னிரண்டரைக்கு அனுப்பிவிடுவார்களாம். யாருடைய அம்மா பன்னிரண்டரைக்கு வீட்டில் இருப்பாள் என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெண் விளம்பரச் சீட்டை நீட்டினாள். சந்திரலேகா அதையும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

சிவகாமு அக்காவைப் பற்றிச் சொன்னது புஷ்பவள்ளி. ரயிலில் எதிர் சீட்டு; கடலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தன் மகளையும் அங்கேதான் விடுவதாகச் சொன்னாள். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. மூடிப்போன நர்சரிப் பள்ளி ஒன்றில் ஆயாவாக இருந்தவர். கோடையில் மட்டும் ஏழெட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். மதியச் சோறும் உண்டு. அவர் கேட்ட தொகையைக் கேட்டதும் சந்திரலேகாவுக்கு நிம்மதி வரவில்லை, சந்தேகம் வந்தது. இவ்வளவு குறைவாக ஒருத்தி எதற்காகக் கேட்க வேண்டும்? ஆனால் வேறு வழி இருக்கிறவர்கள்தானே சந்தேகத்தின் பேச்சைக் கேட்க முடியும். பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டாள்.

முதல் நாளே உறுத்தல் தொடங்கியது. சிவகாமு அக்கா கேட்டுக்கு வெளியிலேயே பிள்ளைகளை வாங்கிக்கொண்டார். சாயங்காலமும் கேட்டுக்கு வெளியிலேயே ஒப்படைத்தார். உள்ளே வா என்று ஒரு வார்த்தை இல்லை. சிரிப்பும் அளவாகத்தான் இருந்தது. அதனால் சந்திரலேகா விசாரணையை வீட்டில் வைத்துக்கொண்டாள். தினமும் சோறு பிசைந்து போட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பாள். என்ன சாப்பிட்டீர்கள், யார் வந்தார்கள், எங்கே படுத்தீர்கள், அக்கா யாரிடம் போனில் பேசினார்? நடராஜ் சாப்பாட்டிலேயே குறியாக இருப்பான். அருள்மொழிதான் அம்மாவுக்கு ஏற்ற மகள், ஒன்றையும் விடமாட்டாள்.

முதல் வாரம் முடியும்போது அருள்மொழி ஒரு சேதி கொண்டுவந்தாள். இப்போதெல்லாம் ரசத்தில் கடுகே இல்லையாம், எதையும் தாளிப்பதில்லையாம், அப்பளம்கூடப் பொரிப்பதில்லையாம். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறாள் என்று சந்திரலேகா உடனே முடிவு கட்டினாள். குறைவாக வாங்கினால் வேறு எங்கே மிச்சம் பிடிப்பாள்? மறுநாள் மகளின் பின்னலில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது. அதைப் பற்றி கேட்டில் வைத்தே கேட்டாள்.

"கொசு ஜாஸ்தியா இருக்குதும்மா. புகை போட்டேன்" என்றார் சிவகாமு அக்கா. கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதே நாட்களில் ரயிலில் புஷ்பவள்ளி தலையில் பூ இல்லாமல் வந்தாள். தலையும் சரியாக வாரியிருக்கவில்லை. எல்லோரும் டப்பாவைத் திறந்து பங்கு போட்டுச் சாப்பிடும்போது, பசியில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷனோடு சண்டை என்று சந்திரலேகா அதையும் கணக்கில் எழுதினாள். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்களுக்கு இதுதான் தொல்லை. மடியில் வந்து விழுந்தது என்னவென்று அவர்களுக்குத்தான் கடைசியில் தெரியும்.

பிறகு அருள்மொழி சொன்னதுதான் அவளை உலுக்கியது. பின்கட்டு அறை எப்போதும் சாத்தியே இருக்கிறதாம். அக்கா அதற்குள் ஒரு தட்டில் சோறு கொண்டுபோகிறாராம். யாரோ உள்ளே முனகுகிறார்களாம். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவாம்.

"ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. கதவு தொறக்கிறப்ப எட்டிப் பாத்தா அடிக்க வராங்க."

அன்று இரவு சந்திரலேகா சாப்பிடவில்லை. குடிகாரத் தம்பி ஒருவன், ஜெயிலிலிருந்து வந்த மகன் ஒருவன் என்று அந்த அறைக்குள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். பத்து வயதுப் பெண் பிள்ளை அந்தக் கதவுக்கு வெளியே படுத்துத் தூங்குகிறது. குறைவாக வாங்குவதன் காரணம் இதுதான் என்று பட்டது. மறுநாள் கிடங்கில் தலைவலி என்று சொல்லி, பாதி நாளில் பஸ் பிடித்து வந்தாள்.

உச்சி வெயிலில் சந்து வெறிச்சோடிக் கிடந்தது. கேட்டைத் திறந்துகொண்டு நேரே உள்ளே போனாள். கூடத்தில் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. நடராஜ் வாயைத் திறந்தபடி தூங்கினான். சிவகாமு அக்கா எழுந்து வருவதற்குள் பின்கட்டு அறையைத் தள்ளித் திறந்துவிட்டாள். கதவின் உட்பக்கம் வேப்பிலைக் கொத்து தொங்கியது. தரையில் வேப்பிலை பரப்பிய வெள்ளை வேட்டியில் புஷ்பவள்ளியின் மகள் படுத்திருந்தாள். முகம், கழுத்து, கை எல்லாம் கொப்புளம்.

ஆண் யாரும் இல்லை என்று ஒரு கணம் மூச்சு வந்தது. அதற்கடுத்த கணம் கோபம் வந்தது. தாளிக்காத ரசம், பூ வைக்காத புஷ்பவள்ளி, பின்னலில் வேப்பிலை. அம்மை போட்ட வீட்டின் அடையாளம் அத்தனையும் அவள் கைக்கே வந்திருக்கிறது. வாசலில் வேப்பிலை இல்லை என்ற ஒரே காரணத்தால் அவளுக்கு அது தோன்றவில்லை. அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகாத வீடு உண்டா? அதைப் பார்த்துத்தானே வெளியாள் ஒதுங்கிப் போவது?

"சத்தம் போடாத. புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு" என்றார் சிவகாமு அக்கா.

அவர் சொன்னதன் சுருக்கம் இவ்வளவுதான். இங்கே இருக்கும்போதுதான் பிள்ளைக்குப் போட்டது. போட்ட வீட்டிலேயே வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் அனுப்ப வேண்டும், நடுவில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. புஷ்பவள்ளி ராத்திரி வந்து கூடப் படுத்துக்கொள்கிறாள். பகலில் லீவு போட்டால் கடையில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். மற்றப் பிள்ளைகளிடம் அவள் பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறது.

"வாசல்ல ஏன் கட்டல? எங்க புள்ளைங்களும் இங்கதான கெடக்குது?"

"கட்டியிருந்தா நீ மறுநாள் இதுங்கள எங்க விட்டுட்டு வேலைக்குப் போயிருப்ப?"

அந்தக் கேள்வியில் சந்திரலேகாவுக்குக் கோபம் இரண்டு பங்கானது. பிள்ளைகளை உலுக்கி எழுப்பி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டவிடாமல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சந்து முனையில் வேப்பமரம் தாழ்ந்து நின்றது. பிள்ளைகளை அதன் நிழலில் நிறுத்திவிட்டு ஒரு கொப்பை ஒடித்தாள். திரும்பிப் போய் சிவகாமு அக்காவின் கேட்டில், சந்தில் வருகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, அதைச் செருகினாள். உள்ளே நின்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் மற்றப் பிள்ளைகளும் போய்விட்டன. ரயிலில் இரண்டு நாள் இதே பேச்சு. நல்லவேளை யாரோ கட்டினார்கள் என்று ஒருத்தி சொன்னாள். இனி மே முடிகிற வரைக்கும் நான் என்ன செய்ய என்று இன்னொருத்தி அழுதாள். யார் கட்டியது என்று சந்திரலேகா சொல்லவில்லை. தான் செய்தது சரி என்றுதான் அவள் நினைத்தாள், சரிதான் அது. புஷ்பவள்ளி வேறு பெட்டிக்கு மாறினாள். பிறகு ரயிலிலேயே காணோம். தன்னால்தான் அக்காவின் பிழைப்பு போனது என்று, பகலிலும் மகளைத் தானே பார்த்துக்கொள்ள லீவு போட்டாளாம், கடையில் வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

சந்திரலேகாவுக்கு மிச்சமிருந்த லீவும் கரைந்தது. சில நாள் பிள்ளைகளைக் கிடங்குக்கே கூட்டிப்போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தாள். நடராஜ் ஒரு டானிக் பெட்டியைக் கவிழ்த்ததும் மேனேஜர் அதற்கும் தடை போட்டார். அப்புறம் வீட்டில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனாள். கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா தில்லையம்மாள் இருக்கிறாள், பிரசவத்துக்கு வந்த அவள் மகள் இருக்கிறாள், கத்தினால் காது கேட்கும் என்பதே தைரியம். கிடங்கிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்தாள். அருள்மொழி ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். அந்த ஒழுங்கிலும் அவளுக்குச் சந்தேகம்.

மே மாதம் பாதி தாண்டியிருக்கும். ஒரு சாயங்காலம் நடராஜின் சட்டையைக் கழற்றினாள். முதுகில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். உடம்பு அனலாக இருந்தது. டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கினாள். லீவு கேட்டு மேனேஜருக்குப் போன் செய்தாள். கணக்கு முடிக்கிற நேரத்தில் இப்படிச் சொன்னால் அந்த மேசைக்கு வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றார் அவர், மரியாதையாகவே. ஆந்திராவிலிருந்து அருண்பாண்டியன், அறுப்பை நடுவில் விட்டு வர முடியாது, யாரையாவது பார் என்றான். அம்மை வீட்டுக்கு எந்த யாராவது வருவார்கள்?

வருகிற ஆள் ஒருத்திதான் என்று அவளுக்குத் தெரியும். நடராஜை அருள்மொழியிடம் ஒப்படைத்துவிட்டு இருட்டிலேயே அந்தச் சந்துக்குப் போனாள். கேட்டில் அவள் செருகிய கொப்பு காய்ந்து சருகாகி அப்படியே இருந்தது. உள்ளே பிள்ளைச் சத்தமே இல்லை. சந்திரலேகா கேட்டுக்கு வெளியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். பழசைப் பற்றி வாய் வரவில்லை.

"அங்க போட்டத இங்க தூக்கிட்டு வரக் கூடாது. காலையில நான் வரேன். தண்ணி ஊத்துற வரைக்கும் இருக்கேன்" என்றார் சிவகாமு அக்கா. பிறகு, "எனக்கும் இந்த மாசத்துலதான் நாலு காசு வரும். இப்ப யாரு விடுறாங்க?" என்றார்.

இரவெல்லாம் சந்திரலேகா அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். ஏன் உடனே ஒத்துக்கொண்டாள்? ஒரு வார்த்தை திட்டவில்லையே. பணத்துக்கு மட்டுமா? விடியும் நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. திருப்பிக் கொடுக்க வருகிறாள். நாளை காலை வந்து முதல் வேலையாக என் வாசலில் வேப்பிலையைக் கட்டுவாள். தில்லையம்மாள் பார்ப்பாள். பிள்ளைத்தாச்சி மகளை வைத்துக்கொண்டு ஒரு நாள் பொறுக்க மாட்டாள். அம்மை போட்ட பிள்ளையோடு மாடியிறங்கி எங்கே போவது?

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது சிவகாமு அக்கா வந்தார். ஒரு துணிப்பை, கை நிறைய வேப்பிலை. செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்று, கொத்தை நூலில் சுற்றினார். சந்திரலேகா அந்தக் கையையே பார்த்தாள்.

"வாசல்லயா, உள்ளயா?" என்று கேட்டார்.

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருக்கிறதா என்று சந்திரலேகா தேடினாள், கிடைக்கவில்லை. கீழே தில்லையம்மாளின் மகள், குளிர்ந்த தண்ணீர் வேண்டும் என்று அம்மாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிள்ளைத்தாச்சிக்கு அம்மை ஆகாது. மருந்தோடு புழங்குகிறவளுக்கு அது ஏன் ஆகாது என்பதும் தெரியும். அறைக்குள் நடராஜ் முனகினான்.

"உள்ளயே கட்டுங்கக்கா" என்றாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் தில்லையம்மாள் நின்றிருந்தாள். அந்தம்மா யார், எதுக்கு அவ்வளவு வேப்பிலை என்று கேட்டாள்.

"கொசு ஜாஸ்தியா இருக்கும்மா. புகை போடத்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சந்திரலேகா ஸ்டேஷனை நோக்கி வேகமாக நடந்தாள்.