ஊசிக்கு அடங்காத கட்டி

பழைய கட்டடங்களை இடிக்கிற ஆட்கள் அவரைச் 'சம்மட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். செங்கல் சுவரை நாலே அடியில் சாய்ப்பார். கோபம் வந்தால் எதிரில் நிற்கிற ஆளையும் சாய்ப்பார். அதை அவர் மனைவியைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. கல்யாணமான முதல் மாதத்திலிருந்து முப்பத்தைந்து வருடமாக அடி வாங்கியவள்.

அறுபத்திரண்டு வயதில் அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்தது. ஆண் ஹார்மோனை அடக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். கட்டி சுருங்கியது. கூடவே மார்பு பெருத்தது. "அண்ணே, உள்பாடி வாங்கித் தரட்டுமா?" என்று கூட வேலை செய்த வெல்டர் கேட்டான். இவர் விட்ட குத்தில் இரண்டு பல்லும் தாடையும் போயின அவனுக்கு; இவருக்கு வேலை போனது.

இரண்டு வருடம் கழித்து ரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் அளவு மறுபடி ஏறியது.

"ஹார்மோன் அடங்கித்தான் இருக்கு," என்றாள் டாக்டரம்மா. "ஆனா கட்டி வேற வழி பிடிச்சிடுச்சு. அதோட செல்லுங்களே சில புரதத்தைச் சுரந்து வெளிய விடுது. அந்தத் தூண்டுதல்ல பக்கத்துச் செல்லுங்களும் பெருகுது. இனிமே ஊசி மட்டும் போதாது."

"அப்ப எதுக்குடி என் ஆம்பளைத்தனத்தப் பிடுங்குன?"

நாற்காலி பறந்தது. கம்ப்யூட்டர் திரை நொறுங்கியது. காவலாளிகள் அவரைத் தரையில் அழுத்தியபோது டாக்டரம்மாவின் நெற்றியிலிருந்து ரத்தம் மேஜைமேல் சொட்டியது.

"இந்த ரெண்டு வருஷம் உங்க உயிர் இருந்ததே, அதுக்கு," என்றாள் அவள், பஞ்சை அழுத்திக்கொண்டே.

காவலாளிகள் வெளியே தள்ள, வீட்டுக்கு வந்தவர் சம்மட்டியை எடுத்துக் குளியலறைச் சுவரை அடிக்க ஆரம்பித்தார். குறுக்கே வந்த மனைவியைச் சுவரோடு தள்ளினார். நாலாவது அடியை ஓங்கும்போது படீரென்று ஒரு சத்தம். உடைந்தது அவருடைய தொடை எலும்பு. கட்டி அங்கேயும் பரவியிருந்தது.

அவர் அலறினார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள். "எனக்கும் இப்படித்தான் வலிச்சுது."

பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். அப்போது எடுத்த கட்டித் துண்டை அந்தப் புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கேட்டாள், நெற்றியில் தையலோடு வந்த டாக்டரம்மா. அவர் கையெழுத்துப் போட்டார்.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவி, தன் பக்கமும் திரும்புவார் என்று காத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கீமோ அவருக்கு இன்னும் எட்டு மாத ஆயுள் கொடுத்தது. அத்தனை நாளும் சாப்பாடு ஊட்டியது அவள்தான். 'மன்னிச்சிடு' என்ற ஒரு வார்த்தையை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.