ஏழிலே தொடங்கும் காட்ஸ் கட்டு

காட்ஸ், அதாவது விளையாடுகிற சீட்டுக்கட்டு, விற்கிறவனை லண்டனிலே இரண்டு பேர் நம்பமாட்டார்கள்: ஒருவர் வாங்க வருகிறவர், மற்றவர் அவருடைய மனிசி. கவுண்டருக்குப் பின்னால் நின்று, சிரிப்பு வராத நேரத்திலும் சிரித்துத் தாடை நொந்த சகோதரங்களே, இந்தக் கதைகள் உங்களுக்குத்தான். மற்ற ஆட்களுக்கு எங்கே விளங்கப் போகுது!

எண்பதுகளின் கடைசியிலே எனக்குக் கிடைத்த வேலை இது. பிரான்சிலே பரம்பரை பரம்பரையாகக் காட்ஸ் அச்சடித்த ஒரு கம்பனி படுத்துப் போய்க் கிடந்தது. மதாம் ஒடில் என்ற பெண்மணி, பாரிஸிலே இருந்த தன் வீட்டை விற்று அதை வாங்கினார். தங்கப் பூச்சு ஓரம், கையாலே கீறின பழைய படங்கள், பட்டுத்துணி ஒட்டின பெட்டி என்று எல்லாவற்றையும் திரும்ப உயிர்ப்பித்தார். பணக்காரர் மலிந்த ஊர் என்று நம்பி லண்டனிலே ஒரு சின்னக் கடையும் திறந்தார். நான் பாரிஸிலே கோப்பை கழுவின காலத்திலே பொறுக்கின பிரெஞ்சை நம்பி என்னை வேலைக்கு வைத்தார். பாவம் மனுசி!

மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

அந்த நேரம் எனக்கு ஹரோவிலே ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் கணக்காளர். வரவேற்பறையிலே என்னை இருத்தி, முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே வேலையைக் கேட்டார். "பிரெஞ்சுக் கம்பனி, லண்டன் கிளை" என்றேன். முகம் மலர்ந்தது. "என்ன சாமான்?" என்றார். "காட்ஸ்" என்றேன். தட்டு அரைவழியிலே நின்றுவிட்டது.

உள்ளுக்குப் போய் மனிசியோடு கொஞ்ச நேரம் குசுகுசுத்துவிட்டு வந்தார். நல்ல மனுசன், பெண் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. என் தோளிலே கை வைத்துச் சொன்னார்: "சென்ட் கம்பனி எண்டே சொல்லுவம், தம்பி. சனம் உங்களை மணந்து பாக்கப் போறதில்லை."

ராஜாவுக்கு வந்த வாழ்வு

எங்கள் கட்டிலே இருக்கிற ராஜாக்களைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். அங்கியிலே ஒவ்வொரு மடிப்பும் அவ்வளவு வடிவு. ஒருநாள் தொப்பி போட்ட ஒரு ஆங்கிலேயக் கிழவி வந்து, நாலு ராஜாக்களையும் கண்ணாடி மேசையிலே பரப்பி வைத்து நெடுநேரம் பார்த்தா. சரி, இன்றைக்கு விற்பனைதான் என்று நான் பெட்டியைச் சுற்றத் தாள் எடுத்துவிட்டேன். மதாமும் பக்கத்திலே வந்து பெருமையோடு நின்றார்.

கிழவி வாங்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு மதாமைப் பார்த்துக் கேட்டா: "உயிரோடு இருந்த உங்கள் பிரெஞ்சு ராஜாவின் தலையை வெட்டிப்போட்டு, இப்போது இவ்வளவு அழகாகப் படம் கீறி விற்கிறீர்களே, வெட்கமாக இல்லையா?"

தம்பியார் வருகிறார்

வாங்குகிற ஆட்களும் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கட்டை உடைக்கவே மாட்டார்கள். அலுமாரியிலே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஒருமுறை வாங்கினவர் இரண்டாம் முறை வரத் தேவையே இல்லை. எங்கள் கடையிலே சனத்தை விடத் தூசுதான் கூட வந்து போனது.

மதாமுக்கு ஒரு தம்பி, பெர்னார் என்று பெயர். அவரும் காசு போட்டதாலே கம்பனியிலே பாதிப் பங்கு அவருடையது. இலையுதிர் காலத்திலே வந்து, கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நத்தாருக்குள்ளே, அதாவது கிறிஸ்மஸுக்கு முன்னே, லண்டனிலே விற்பனை சூடுபிடிக்காவிட்டால் கடையைப் பூட்டி, பிரான்சிலே இருக்கிற மெஷின்களிலே மருந்துப் பெட்டி அச்சடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். மதாம் அழவில்லை, ஆனால் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டை விற்றவரல்லவா! பெர்னார் வாசலிலே குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, தலையிடி எல்லாருக்கும் வரும். காட்ஸ் எல்லாரும் விளையாடுவதில்லை."

காட் குறைந்த கட்டு

பட்ட காலிலே இன்னொரு அடி. நத்தார் வியாபாரத்துக்கென்று பிரான்சிலே இருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய கட்டுகளிலே முப்பத்திரண்டு காட்தான் இருந்தது. இரண்டு முதல் ஆறு வரைக்கும் ஒன்றுமே இல்லை, ஏழிலேதான் தொடக்கம். பிரெஞ்சுக்காரர் 'பெலோட்' என்று ஒரு விளையாட்டு விளையாடுவார்கள், அதற்கு இவ்வளவும் போதும். உலகம் முழுக்க அதைத்தான் விளையாடுகிறது என்று தொழிற்சாலை மேற்பார்வையாளர் நினைத்துவிட்டார். திரும்ப அச்சடிக்கக் காலமும் இல்லை.

வேறு வழியில்லாமல் அதையே விற்கத் தொடங்கினேன். அடுத்த நாளே ஒரு வங்கி மனேஜர் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். சத்தம் போடவில்லை, ஆங்கிலேயர் கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகக் கதைப்பார்கள். "மிச்சம் இருபதையும் தவணை முறையிலே அனுப்புவீர்களோ?" என்று கேட்டார்.

குட்மேய்ஸ் தீர்ப்பு

சனிக்கிழமை பின்னேரங்களிலே கிழக்கு லண்டன் குட்மேய்ஸில், எங்கள் ஊர்க் குலம் அண்ணை வீட்டிலே முன்னூற்றி நாலு என்ற காட்ஸ் விளையாட்டு நடக்கும். யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன்: அந்த விளையாட்டிலே ஜாக் தான் பெரியவர், அவருக்கு அடுத்தது ஒன்பது, ராஜாவும் ராணியும் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஏழை உறவினர். ஏழுக்குக் கீழே உள்ளதெல்லாம் குப்பை. புதுக்கட்டு உடைத்தால் முதல் வேலை அதுகளைப் பொறுக்கி எறிவதுதான். குலம் அண்ணை வீட்டிலே இரண்டுகளும் மூன்றுகளும் மேசைக் காலுக்கு முண்டு கொடுக்கும், ஆறுகளின் பின்புறத்திலே மீன்கடை டெலிபோன் நம்பர் இருக்கும்.

மனம் விட்டுப்போய், பகிடிக்கு ஒரு கட்டை அங்கே கொண்டுபோனேன். குலம் அண்ணை உடைத்தார். வழமை போலப் பொறுக்கத் தொடங்கினார். பொறுக்க ஒன்றும் அகப்படவில்லை. திரும்ப ஒருமுறை விரித்துப் பார்த்தார். மேசையிலே இருந்த மற்ற மூன்று பேரும் கதிரையைக் கிட்ட இழுத்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதுதான் மண்டையிலே உறைத்தது. ஐயோ, இவ்வளவு நாளும் எந்த வாசலிலே நின்று கூவிக்கொண்டிருந்தேன்! குலம் அண்ணை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்: "டேய் தம்பி, அந்தக் கம்பனியிலை எங்கட ஆள் ஆரடா இருக்கிறான்? வெள்ளைக்காரனுக்கு இது தெரிய நியாயமில்லையே!"

அக்காவின் டெலிபோன்

பிறகு கேட்கவேண்டுமே! குட்மேய்ஸுக்குத் தெரிந்தது ஹரோவுக்குத் தெரிந்து, விம்பிள்டனுக்குத் தெரிந்து, அடுத்த கிழமை டொரோன்டோவிலே இருந்து ஒருவர் டெலிபோன் எடுத்தார். எங்கள் ஆட்கள் காட்ஸை வைக்கமாட்டார்கள், அடிப்பார்கள். மேசை அதிர அடிப்பார்கள். தங்க ஓரம் மாதக் கணக்கிலே நிற்குமா? தேய்ந்தவுடன் அடுத்த கட்டு. ஹரோ மாமா கூட, சென்ட் போத்தல் வாங்குகிற ஆள் மாதிரிப் பக்குவமாக வந்து இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனார்.

முறைப்பாடும் வந்தது. குலம் அண்ணையின் மனிசி பவளம் அக்கா கடைக்கே டெலிபோன் எடுத்து என்னைப் பிடித்தா: "முந்தி எண்டால் எனக்கு ஒளிச்சு விளையாடினவர். இப்ப இது கலை எண்டு எனக்கே வகுப்பெடுத்துப்போட்டு விளையாடுறார். நல்லா இருப்பீரோ நீர்?"

காதிலே கிளிப்

வந்த ஓடர்களைப் பார்த்துப் பெர்னார் நம்பவில்லை. வாயிலே நுழையாத பெயர்கள் எல்லாம் நானே உண்டாக்கினவை என்று நினைத்து, கடையைப் பூட்டுகிற முடிவோடு நத்தாருக்கு முன்னே வந்து இறங்கினார். மதாம் என்னைப் பார்த்தார். நான் இரண்டு பேரையும் சனிக்கிழமை குட்மேய்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒரு ஆள் குறைந்தது. பெர்னாரை இருத்தினோம். பெலோட்டிலும் துரும்பிலே, அதாவது மற்றதை வெட்டுகிற இனத்திலே, ஜாக்கும் ஒன்பதும்தான் பெரிசாம், அதனால் மனுசனுக்குக் கை பழகின விளையாட்டு. குலம் அண்ணைக்கு ஜோடி. குலம் அண்ணைக்குப் பிரெஞ்சு வராது, பெர்னாருக்குத் தமிழ் வராது, ஆனால் பிழையான காட் இறக்கினபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏசினது நன்றாக விளங்கியது. தோற்றார்கள். தோற்றவர் காதிலே உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் கொழுவவேண்டும், அது அந்த வீட்டுச் சட்டம். பவளம் அக்கா தானே எழும்பி வந்து கொழுவிவிட்டா. பாதிக் கம்பனிக்குச் சொந்தக்காரர், விலை உயர்ந்த கோட்டு, காதிலே நீலக் கிளிப்! மதாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் சொன்னேன். பெர்னார் எழும்பவில்லை. கோட்டைக் கழற்றிக் கதிரையிலே போட்டார். "அக்கா, மருந்துப் பெட்டிக் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் இந்த மனுசன் ஏன் ஒன்பதை இறக்கவில்லை என்று கேட்டுச் சொல்!"

கடை தப்பியது, கம்பனியும் தப்பியது, 'லண்டன் சீமான்களின் உயர்ந்த ரசனையாலே மீண்டெழுந்தோம்' என்று விளம்பரப் புத்தகத்திலே பளபளக்கும் தாளில் அச்சடித்தும் விட்டார்கள், அந்தச் சீமான்களோ குட்மேய்ஸிலே மனிசிமாரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குக் காட்ஸ் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.